கழற்றி வைத்த முன் சக்கரம்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

பாப்பா நலம். இருமல் நின்றுவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. என் நலம் கீழே வருகிறது, பொறுமையாகப் படியுங்கள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குத் திடீரென்று என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே வெட்டிவிடுவீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு? கடிதத்தைக் கோபத்தில் கிழித்தாலும், அப்புறம் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் படிப்பீர்கள். அதனால் மருந்துக்கடையில் மதியம் ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது நான்காவது தாள். முதல் மூன்றும் குப்பைக்கூடையில் இருக்கின்றன.

வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார். இஸ்திரிக்கடைக்காரர் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நம் மெக்கானிக் ஸ்பேனர் அண்ணன் இந்த மாதக் கடைசியில் பட்டறையைக் காலி செய்கிறார்.

"நல்லா வேணும் அவனுக்கு" என்று இப்போது சொல்லியிருப்பீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். மேலே படியுங்கள்.

நான்கு மாதத்துக்கு முன் தவணை பாக்கி என்று பைனான்ஸ்காரர்கள் நம் வேனைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அன்றைக்கு நீங்கள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "சக்கரம் கழட்டியிருக்குன்னு தெரிஞ்சேதான் கிரேனோட வந்திருக்கானுங்க. அது தெரிஞ்ச ஆளு, உன்னையும் என்னையும் விட்டா, அவன் ஒருத்தன்தான்" என்றீர்கள். என்னை எவ்வளவு சுலபமாகக் கணக்கிலிருந்து விட்டுவிட்டீர்கள்!

பைனான்ஸ் ஆபீசுக்குப் போன் செய்தது நான்தான்.

எழுதிவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு முழுசாக நினைவிருக்குமா என்று தெரியவில்லை. நீங்கள்தான் தூங்கவே இல்லையே. தவணைக்காக இரவெல்லாம் யாருடைய லாரியையோ ஓட்டிவிட்டு வருவீர்கள், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு பட்டறைக்குப் போவீர்கள். ஸ்பேனர் அண்ணன் கழற்றி வைத்த முன் சக்கரத்தை இரண்டு பேருமாக மாட்டுவீர்கள், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றக் கிளம்புவீர்கள். சாயங்காலம் மறுபடி சக்கரத்தைக் கழற்றி அவர் படுக்கிற அறைக்குள் உருட்டி வைப்பார். பைனான்ஸ்காரன் இழுத்துப் போகக்கூடாது என்பதற்காக, ஒரு மனிதர் தினமும் இரண்டு வேளை நமக்காக நட்டு முடுக்கினார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

பைனான்ஸ்காரர்களும் சும்மா விடவில்லை. இஸ்திரிக்கடைக்குப் போன், பள்ளி ஆபீசுக்குப் போன், என் முதலாளிக்குப் போன். "உங்க கடையில வேலை செய்யற அம்மாகிட்ட வண்டி எங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க சார்" என்றார்களாம். முதலாளி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் நடு ரோட்டில் இரண்டு பைக்கைக் குறுக்கே நிறுத்தி, "பிள்ளைங்களை இறக்கிட்டுச் சாவியைக் குடு" என்றார்கள். நீங்கள் ஓரமாக வெட்டி ஓட்டி வந்துவிட்டீர்கள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அந்த வேனில் பாப்பாவும் இருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் ரயில்வே கேட்டில் நடந்ததை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. பாப்பா சொன்னாள். கேட் திறந்த பிறகும் நீங்கள் அசையவில்லையாம். பின்னால் ஹார்ன் அடித்தும் கண் விழிக்கவில்லையாம். முன் சீட்டில் இருந்த பெண் உங்கள் தோளைப் பிடித்து உலுக்கினாளாம். "அப்பா உக்காந்துட்டே தூங்கறாரும்மா" என்று வேடிக்கையாகச் சொன்னாள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் வேனில் ஏறினேன், நினைவிருக்கிறதா? பாலத்துத் திருப்பத்தில் வண்டி தானாக ஓரத்துக்குப் போனது. நான் கத்தினேன். பதினான்கு பிள்ளைகள் உள்ளே. நீங்களோ, "நான் கண்ணைத் தொறந்துட்டே தூங்கப் பழகிட்டேன், பயப்படாத" என்றீர்கள். அந்த ஜோக்குக்கு உங்களை அடித்திருக்க வேண்டும்.

எத்தனை முறை கெஞ்சினேன். இன்னும் மூன்று தவணை, இன்னும் மூன்று தவணை என்றீர்கள். பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்கள் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். கடைசியில் உங்கள் பெயரைக் காப்பாற்றப் போய் இன்னொருவர் பெயரை நாசமாக்கிவிட்டேன்.

கடைப் போனிலிருந்து பேசினேன். அந்தப் பக்கம் பேசியவன், "எங்களை உங்க குடும்பத்துல ஒருத்தரா நினைச்சுக்கங்க மேடம், உங்க பேரு வெளியவே வராது" என்றான். பாவி, அந்த ஒரு வாக்கை மட்டும் காப்பாற்றிவிட்டான். பட்டறை, வண்டியை மூடியிருக்கும் தார்ப்பாய், கழற்றிய சக்கரம் எல்லாம் சொன்னேன். வேனில் பிள்ளைகள் இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொன்னேன். சனிக்கிழமை மதியம் நீங்கள் தூங்குவீர்கள் என்றும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை நான் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த தெருவில், பட்டறைப் பக்கம் கிரேன் சத்தம் கேட்டது. நீங்கள் புரண்டு படுத்தீர்கள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். போன் செய்ததைக்கூட நான் எனக்குள்ளே நியாயப்படுத்திக்கொள்வேன். ஜன்னலைச் சாத்தியதை மட்டும் என்னால் முடியவில்லை.

நீங்கள் பட்டறைக்குப் போய் அவர் சட்டையைப் பிடித்தீர்கள். அவர் வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, கிரேன்காரர்களிடம் கெஞ்சி வேனிலிருந்து எடுத்து வைத்த சாமான்களோடு நம் வீட்டுக்கு வந்தார். நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். இரண்டு தண்ணீர் பாட்டில், பாப்பாவின் குடை, உங்கள் முதுகுக்கு நான் தைத்த மெத்தை. வாசலில் நின்றபடியே, "போன் பண்ணது ஒரு பொம்பளைன்னு கிரேன்காரன் சொன்னான்மா. நீ ஏன் பண்ணினேன்னு எனக்குத் தெரியும். அவன் கண்ணை நானும்தானே தினம் பாத்தேன். என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறான். நீங்க ரெண்டு பேரும் ஒத்துமையா இருங்க" என்றார். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதேனே ஒழிய, அன்று மாலை உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. அந்த நல்ல மனிதரின் முதுகுக்குப் பின்னால் நான்கு மாதம் ஒளிந்திருந்தேன்.

நீங்கள் குடோன் வேலைக்கென்று ஊரை விட்டுப் போகும்போது வேன் டிரைவர்கள் வாட்ஸப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டுப் போனீர்கள். "இவன்கிட்ட வண்டி விடாதீங்க, காட்டிக் குடுத்துடுவான்" என்று. அதற்கப்புறம் ஒரு வேன்கூட அந்தப் பக்கம் போகவில்லை. முந்தாநாள் அந்த வழியாகப் போனேன். வெறும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

நேற்று சாயங்காலம் எதையோ உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நம் வேனின் முன் சக்கரம். சக்கரம் எங்கே என்று பைனான்ஸ்காரர்கள் மூன்று தடவை கேட்டார்களாம், எந்தச் சக்கரம் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். காட்டிக் கொடுத்தவன் சக்கரத்தை மாட்டி அல்லவா அனுப்பியிருப்பான்? உங்களுக்கு ஏன் அது தோன்றவில்லை? "இடம் காலி பண்றேன்மா, அடுத்த வண்டிக்கு ஸ்டெப்னியா ஆகும்" என்று சொல்லிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாப்பா அதன் மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் சமையலறைக்குப் போய்வருகிறேன்.

குடோன் வேலையில் இப்போது எட்டு மணி நேரம் தூங்குவதாகப் போன வாரம் சொன்னீர்கள். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? சந்தோஷப்பட்டதற்காகவும் வெட்கப்பட்டேன்.

என்னோடு எத்தனை மாதம் வேண்டுமானாலும் பேசாமல் இருங்கள். வந்து திட்டுங்கள், வராமலே திட்டுங்கள். மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருக்கிறது. அதே குரூப்பில், அதே குரலில், அவர் இல்லை, என் பெண்டாட்டிதான் என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். எனக்காகக் கூச்சப்படாதீர்கள், என் பெயர் வெளியே வரட்டும். அவரையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள்.

பேசிவிட்டு, நன்றாகத் தூங்குங்கள்.

இப்படிக்கு,
ஜன்னலைச் சாத்திய
உங்கள் மனைவி