பிபு மறுபடியும் தண்ணீருக்குப் பயப்படுகிறான்

என்னங்க,

சனிக்கிழமை காலை டிவியில் பிபுவின் பாட்டு கேட்டது. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கை தானாகப் போய் உங்கள் கோப்பையை எடுத்துவிட்டது. பாட்டு தொடங்கினால் உங்களுக்குத் தேநீர் கலக்க வேண்டும் என்பது இந்தக் கைக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோப்பையைத் திரும்ப வைத்தேன். அழுகை வரவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் வருவதில்லை.

நம் மகள் யாழினி தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதாகியும் அந்தக் கார்ட்டூனை விட மாட்டேன் என்கிறாள்.

பழைய பிபுவை அவளுக்குப் பழக்கியதே நீங்கள்தான். ராசா பசார் மாலாம் இரவுச் சந்தையில் சிடி வாங்கி வந்து போட்டுக் காட்டினீர்கள். ஆழத் தண்ணீருக்குப் பயப்படும் நீர்நாய்க் குட்டி. முதலில் வாலை மட்டும் நனைப்பான், பிறகு கரையோரமாய் நடப்பான், கடைசியில் வெள்ளத்தில் அகப்பட்ட ஆமையை மீட்க ஆழத்தில் குதிப்பான். அந்தக் கட்டம் வந்தால் அப்பாவும் மகளும் சோபாவிலிருந்து குதிப்பீர்கள். அதற்குப் பிறகு அவன் பயந்ததே இல்லை.

அப்புறம் டிவியில் புதுப் பிபு வந்தான். படம் பளபளவென்று இருந்தது. ஒரு வாரம் அருவியிலிருந்து குதித்தான். அடுத்த வாரம் முட்டியளவுத் தண்ணீரைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டான். அதற்கடுத்த வாரம், பயந்து நின்ற இன்னொரு குட்டியைக் கேலி செய்தான். செனாவாங் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க ஃபோர்க்லிப்ட் ஓட்டிவிட்டு வந்த மனுஷன், தூங்கப் போகாமல் உட்கார்ந்து டிவியோடு சண்டை போட்டீர்கள்.

"போன வாரந்தானே குதிச்சான்? இப்ப என்னலா புதுசா பயம்?"

"வேற ஆள் எழுதுறாங்கப்பா," என்றாள் யாழினி.

"ஆள் மாறுனா? எங்க பேக்டரில ஷிப்ட் மாறும்போது முன்னால உள்ளவன் என்ன செஞ்சான்னு கேட்டுட்டுத்தான் வண்டில ஏறணும். இவனுங்க போன வாரத்தப் பாத்துட்டு எழுத மாட்டானுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "மனுசனே அப்படித்தான் இருக்கான். நீங்க கார்ட்டூன்கிட்ட போயி நியாயம் கேக்குறீங்க."

"மனுசன் மறப்பான். கதைல உள்ளவன் மறக்கக் கூடாது லா. புள்ளைங்க அவன நம்பிப் பாக்குது."

நம் வீட்டிலிருந்து பெரிய சாலைக்குப் போக, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடும் செம்மண் பாதைதான் உண்டு. அங்கே யாரும் ஹெல்மெட் வாரை மாட்டுவதில்லை. சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டு போய், போலீஸ் நிற்கிற முச்சந்தி வந்தால்தான் மாட்டுவார்கள். நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள். போன வருஷம் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, புருவத்தில் தையலோடு வந்து நின்றபோது, யாழினி அழுத அழுகையில் மாறினீர்கள். வேலைக்குக் கிளம்பும்போது அவள் முன்னால் குத்துக்காலிட்டுத் தாடையைத் தூக்கிக் காட்டுவீர்கள். அவள் வாரை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, "போலாம்" என்பாள். மாதக்கணக்கில் அப்படி நடந்தது. நீங்கள் மாறிவிட்டீர்கள் என்றே நாங்கள் இருவரும் நம்பினோம்.

நீங்கள் போன அன்று சாயங்காலம் அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் சிரம்பானில், கிளினிக் வேலையில் இருந்தேன். லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள் பாதையில் கிடந்திருக்கின்றன. மோட்டார் சறுக்கியபோது ஹெல்மெட் தனியாகக் கழன்று புல்லில் போய் விழுந்ததாம். உங்கள் ஷிப்ட் நண்பர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கீறல்கூட இல்லை. செருப்பு அலமாரியின் மேல் வைத்தேன், இன்னும் அங்கேயே இருக்கிறது.

உங்கள் அக்கா வரும்போதெல்லாம், "மனசுல வச்சுக்காத தாயி, கத்தி அழுதுரு" என்கிறார். கத்துவதற்கு எனக்குள் ஒன்றும் இல்லை. உங்கள் மேல் கோபம் மட்டும் இருக்கிறது. அதுவும் மரத்துப்போன கால் மாதிரி. இருப்பது தெரிகிறது, ஊன்றி நிற்க முடியவில்லை.

இந்தச் சனிக்கிழமை பிபு மறுபடி கரையில் நின்று அழுதான். உங்களைப் போலவே யாழினியும் சண்டைக்குப் போவாள் என்று காத்திருந்தேன். அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவம் வரலயாடா?"

"இல்லம்மா. அப்பாவும் கத்துக்கிட்டு மறந்துட்டாருதானே." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொன்னாள்: "நான் டியூஷன் போகாம இருந்திருந்தா மாட்டி விட்டிருப்பேன்."

இத்தனை நாளும் அதைத்தான் மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அது உன் வேல இல்லம்மா. அப்பா செய்ய வேண்டிய வேல. அவருதான் செய்யல."

உங்களை விட்டுக்கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. நீங்கள் இருந்திருந்தாலும் அப்படித்தான் பேசச் சொல்லியிருப்பீர்கள். அவள் என் மடியில் காலை நீட்டிக்கொண்டு மிச்சத்தையும் பார்த்தாள்.

நீங்கள் போனதிலிருந்து, என் ஹெல்மெட் வாரை அவள்தான் மாட்டி விடுகிறாள். திங்கட்கிழமையும் ஓடி வந்தாள். "வேணாண்டா, நானே மாட்டிக்கிறேன்" என்றேன். மாட்டி, இரண்டு தடவை இழுத்துக் காட்டினேன். நம்பிக்கை இல்லாமல், என் மோட்டார் வளைவில் திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள். செவ்வாய்க்கிழமையும் நின்றாள். இன்று காலை காலணியை மாட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "போலாம்" என்றாள்.

தோட்டத்துப் பாதையில் ஓர் ஆளும் இல்லை. மோட்டாரை நிறுத்தி வாரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை என்னை நம்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் மறக்கக் கூடாது.