குறி தப்பாத மருமகன்

டப்ளின், 7 பிப்ரவரி 1774

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். அக்கா மகன் லூசியஸ், பாலிநாரா பிரபுவாகி மேல்சபையில் உட்கார்ந்த நாளிலேயே! அரசாங்கம் வேண்டியவர்களுக்கு அள்ளிவிடும் உபகாரச் சம்பளத்தை இன்று பேச்சில் கிழித்தெறிந்தான். சபையே அழுதது. தூண்கள்கூட. உடனே கீழ்சபைக்காரர் சர் யூலிக் டிலேன் காபிக் கடையில், "பொடியன் தன் விலை ஏறணும்னு கத்துறான்" என்றாராம். மன்னிப்புக் கேட்கட்டும், இல்லையேல் பீனிக்ஸ் பூங்காவுக்குத் துப்பாக்கியோடு வரட்டும் என்று பையன் சொல்லி அனுப்பிவிட்டான். அவன் தரப்பில் துணைநிற்பவன் நான்.

பிப். 8

பையன் ஒரு காடையைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் மூளை யாருடையது? காபிக் கடைக்குப் போய்ச் சத்தமாகச் சொன்னேன்: "பிரான்சுல மூணு பேரை மேல அனுப்பிவச்சவன் என் மருமகன்!" டிலேன் முகம் மெழுகாகிவிட்டது. நாளை காலில் விழுவார்.

பிப். 9

ஐயோ. டிலேன் தரப்பிலிருந்து கேப்டன் நுஜென்ட் வந்தார். "மன்னிப்புக் கேக்கலாம்னுதான்யா இருந்தாரு. நீங்க அந்தக் கதைய விட்டீங்க. இப்பக் கேட்டா, பயந்துட்டான்னு ஊரே சிரிக்காது? நாளைக்குக் காலைல பூங்காவுக்கு வந்துடுங்க."

பாழாய்ப்போன வாய்! அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்? பையன் வேறு, "மாமா, இதை எப்படிப் பிடிக்கணும்?" என்று துப்பாக்கியை நீட்டினான். எனக்கும் தெரியாதே—எனக்கும்!

எமனிடம் மன்னிப்புக் கேட்டால் கோழைத்தனம். அப்பாவியிடம் கேட்டால்?

பிப். 10

பனிமூட்டம். நேரே டிலேனிடம் நடந்தேன். வைத்தியர், குதிரைக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள்—எல்லோர் காதிலும் விழச் சொன்னேன்: "நான் சொன்னது அத்தனையும் புளுகுங்க. பிரான்சுல இவன் டான்ஸ் கத்துக்கிட்டான், அவ்வளவுதான். சுடத் தெரியாது. பார்வையும் மங்கல். உங்களக் குறிவச்சா என் மேலதான் படும்."

டிலேன் வெடித்துச் சிரித்தார். "கண்ணு தெரியாத புள்ளயச் சுட்டா எனக்கு என்னய்யா பேரு!" தொப்பியைக் கழற்றினார். "பிரபுவே, நான் பேசினது தப்பு."

லூசியஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன்.

டப்ளின் முழுக்க இனி என்னைப் பார்த்துச் சிரிக்கும். சிரிக்கட்டும்.

பிப். 17

மருமகன் இன்று மறுபடியும் அதே சம்பளத்தைக் கிழித்தான். காகிதத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டுதான் வாசித்தான். வேடிக்கை பார்க்க வந்து என் பக்கத்தில் நின்ற டிலேன் அதைப் பார்த்து, "பாவம், வெளிச்சம் குடுங்கப்பா" என்று மெழுகுவத்தி கொண்டுவரச் சொன்னார். பையன் என்னை முறைத்தான், இத்தனை தூரத்திலிருந்து, சரியாக என்னை மட்டும்.

அவனுக்குச் சுடத் தெரியாதது நிஜம். டான்ஸும் நிஜம். பார்வை மங்கல் மட்டும் நான் சேர்த்தது.