மீசை வைத்த படம்

தம்பி,

பெரிய பேத்தி நர்சிங் முடித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பேரன் கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் இருக்கிறான், இப்போது அவனுக்குக் கீழே நாலு பேர். சின்னவள் கபடியில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்து கோப்பை வாங்கினாள். அந்தக் கோப்பையை டிவிப் பெட்டி பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் காட்டுவேன். இந்த வாரம் வந்தது கேஸ் சிலிண்டர் போடுகிறவர் மட்டும்தான். அவருக்கும் காட்டினேன்.

இன்று காலையில் கோப்பையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். மேலே சுவரில் நீ. மாலை காய்ந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதை நேராக்கக் கை வைத்தபோது உன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். மேலுதட்டில் முறுக்கிவிட்ட கறுப்பு மீசை. நீ ஒருநாளும் வைத்திராத மீசை.

அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகத்தான் போகும்.

நீ செத்த அன்று என் மகன்தான் உன் படத்தை எடுத்துக்கொண்டு சிவகாசியில் அவன் வேலை பார்க்கிற பிரஸ்ஸுக்கு ஓடினான், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க. செத்தவர்கள் படத்தில் பழைய சட்டையை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டை மாட்டுவது அங்கே வழக்கம்தான். கேட்டால் கோட்டு கூட மாட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் மீசையும் ஏழெட்டு தினுசு இருக்கிறதாம். உனக்கு ஒன்று எடுத்து ஒட்டிவிட்டான். போஸ்டரைப் பார்த்ததும், "என்னலே இது?" என்றேன்.

"எம்மா, மாமாவ இந்த ஊரு எம்புட்டுக் கேலி பேசுச்சு. போறப்பவாவது ஆம்பளையாப் போகட்டும்மா," என்றான். சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். அவனிடம் என்ன கோபப்பட? அவன் அப்பா போன பிறகு நீதானே எங்களோடு வந்து இருந்து, காலையில் சோறு பொங்கி, அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, பட்டாசு ஃபேக்டரி வேன் ஏறுவாய். அவன் காதுகுத்துக்குத் தாய்மாமனாக நீ உட்கார்ந்தாய். ஊசி போனது அவன் காதில். அழுதது நீ. பந்தல் முழுக்கச் சிரித்தது.

நாலாம் நாள், உன்னோடு கிஃப்ட் பாக்ஸ் பேக்கிங் பார்த்த பெண்கள் வேனை நம் வாசலில் நிறுத்திக் கேட்டார்கள். "அக்கா, எங்க அண்ணன் எங்க? மூணு நாளா வேலைக்கு வரலியே?" பஸ் ஸ்டாப்பில் போஸ்டர் இருந்ததே, பார்க்கவில்லையா என்றேன். "பார்த்தோம்க்கா. யாரோ மீசைக்காரருன்னு நெனச்சுட்டோம்," என்று ஒருத்தி சொன்னாள். பிறகு எல்லாரும் இறங்கி வந்து அழுதார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை வருஷம் பெட்டி கட்டியவர்களுக்கே உன்னை அடையாளம் தெரியாமல் பண்ணிவிட்டோம் தம்பி.

இப்போது என் மகனும் மருமகளும் சிவகாசியிலேயே வீடு பார்த்துப் போய்விட்டார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு நானும் டிவியும்தான். நீ இருந்தவரைக்கும் நாடகம் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கதாநாயகன் பெண்டாட்டியை அறைவான், அவள் அழுதுகொண்டே அவன் காலைத் தொடுவாள். "அடிச்ச பெறகு சோறு யாரு வடிச்சான்னு காட்டவே மாட்டேங்காக பாருக்கா," என்பாய்.

அந்த நாடகத்தில் ஒரு சமையல்காரன் வருவானே, உனக்கு மறந்திருக்காது. கையை ஒடித்து ஒடித்துப் பேசுவான். இடுப்பை ஆட்டி நடப்பான். அவன் வந்தாலே ஒரு கோமாளி மியூசிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளியும் வந்திருந்தார். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையிலிருந்து வாராவாரம் பஸ் ஏறி வருவார், மத்தியானம் சாப்பிட்டு, நாடகம் முடிந்ததும் கிளம்புவார். அன்றைக்கு என் மகன் எழுந்து அந்தச் சமையல்காரன் மாதிரி நடந்து காட்டினான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன்னைத் திரும்பிப் பார்த்தேன். அதுதான் தப்பு. ஏன் உன்னைப் பார்த்தேன்?

"டீ ஆறிருச்சுக்கா, சூடு பண்ணிட்டு வாரேன்," என்று எழுந்து போனாய். அடுப்படியில் வெகுநேரம் நின்றாய். உன் கூட்டாளி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு அக்கா," என்று செருப்பை மாட்டினார். நாடகம் பாதிதான் ஓடியிருந்தது. அதற்குப் பிறகு அவர் நம் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீதான் ஆலங்குளத்துக்குப் போனாய்.

இப்போதும் எல்லா நாடகத்திலும் அப்படி ஒருத்தன் வருகிறான். டிவியில் ஆம்பிளை என்றால் இரண்டே வகை. ஒருத்தன் மீசையை முறுக்கிக் கையை ஓங்குவான். இன்னொருத்தனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளுக்கு வீடு காட்ட மாட்டார்கள். அவன் எங்கே படுக்கிறான், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், காய்ச்சல் வந்தால் நெற்றியில் யார் கை வைப்பது, ஒன்றும் கிடையாது. வருவான், மியூசிக் போடுவார்கள், போவான். தனியாக உட்கார்ந்து பார்க்கும்போதுதான் உறைத்தது. நானும் உன்னிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. கல்யாணம் ஏன் வேண்டாம் என்று மட்டும் நூறு தடவை கேட்டேன். ஆலங்குளத்தில் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு தடவை கேட்டேனா?

நீ போன அன்று உன் கூட்டாளி வந்தார். ஆம்பிளைகள் கூட்டத்தில் உட்காரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், போஸ்டர் ஒட்டியிருந்த சுவரடியில் நின்றார். உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் அவரிடம் போனேன். போஸ்டரைப் பார்த்தபடியே, "மீசை வச்சுட்டீகளே அக்கா," என்றார். பஸ் ஏறிவிட்டார்.

கையில் இருந்த உன் படம் அது ஒன்றுதான், மீசை ஒட்டியதையே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டோம். பிரஸ்ஸில் கேட்டால் பழைய படம் தொலைந்துவிட்டது என்கிறார்கள். உன் நிஜ முகம் என் கண்ணுக்குள் இருக்கிறது, ஆனால் மேலே இருப்பதைத் தினமும் பார்த்துப் பார்த்து அதுவும் மங்குகிறது. எனக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு மீசைக்காரத் தாத்தாதான் மிஞ்சுவார்.

அதனால் உனக்கு எழுதுகிற கையோடு ஆலங்குளத்தில் உன் கூட்டாளிக்கும் ஒரு கார்டு எழுதி வைத்திருக்கிறேன். இவ்வளவுதான் எழுதினேன்:

தம்பிக்கு, அக்கா எழுதுவது. நான் அன்றைக்குச் சிரித்தது தப்பு. என் தம்பியின் மீசை இல்லாத படம் உங்களிடம் கட்டாயம் இருக்கும். எனக்கு அதில் ஒரு காப்பி போட்டுத் தபாலில் அனுப்புங்கள். நீங்களும் கூட நிற்கிற படமாக இருந்தால் வெட்ட வேண்டாம். அப்படியே மாட்டுவேன்.