அப்பாவின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு

மில்ஹெய்ம், பென்சில்வேனியா
ஏப்ரல் 27, ஞாயிறு மாலை

பிரியமுள்ள மகள் ஆர்லீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் தம் கைக்குள் வைத்திருக்கிறார் என்ற தைரியத்தோடு தொடங்குகிறேன். நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், காலை ஜெபம் தவறவில்லை. பட்டாணி முளைத்து ஒரு விரல் உயரம் வந்துவிட்டது. சர்ச்சில் பன்றித்தொடையும் மொச்சையும் போட்ட சாப்பாடு போன சனிக்கிழமை நடந்தது. இந்த முறையும் வரவு செலவு என் கையில்தான். உப்பு மட்டும் கூடிவிட்டது, அது என் குற்றம் இல்லை.

புதன்கிழமை நீ தொலைபேசியில் கேட்டபோது, "எல்லாம் அப்படியே இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பா பக்கத்திலேயே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அதனால்தான் இந்தக் கடிதம். முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு. பாதியில் கோபப்படாதே.

அக்டோபரில் அப்பா ஆற்றில் விழுந்து, கூட மீன் பிடித்துக்கொண்டிருந்த மெர்ல் அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தபோது நீ பயந்தாய். நானும்தான் பயந்தேன். நடுக்க நோய் என்று டாக்டர் பெயர் வைத்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. இனி அவரைத் தண்ணீரில் இறங்க விடக்கூடாது என்று நீ சொன்னாய், சரி என்றேன். தூண்டில் கோல்களைப் பூட்டி வை என்றாய், போர்வை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கையால் செய்த அந்தப் பழைய மூங்கில் கோலை உன் மேலதிகாரி நல்ல விலைக்குக் கேட்கிறார், மே பதினைந்தாம் தேதி வந்து எடுத்துப்போகிறேன் என்றாய். அதற்கும் சரி என்றேன். மூன்று சரியும் சொன்னவள் நான்தான், மறுக்கவில்லை.

ஆனால் அப்பா சாவியைக் கேட்கவே இல்லை, ஆர்லீன். சண்டை போடுவார் என்று பதில்களையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. குளிர்காலம் முழுவதும் சமையலறை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். பிப்ரவரிக்குப் பிறகு தினமும் முகம் மழிப்பதை விட்டுவிட்டார். டாக்டர் கொடுத்த புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். அதில் கை நடுங்கும், கால் தயங்கும், முகத்தில் சிரிப்புக் குறையும் என்றெல்லாம் இருக்கிறது. சிரிப்புக் குறைந்தது நோயாலா, என் அலமாரியாலா என்று கண்டுபிடிக்க அதில் வழி இல்லை.

செவ்வாய்க்கிழமை மெர்ல் வந்தார். ஜனவரியில் இடுப்பு எலும்பு மாற்றினார்களே, இன்னும் கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். காப்பியைக் கையில் வாங்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"டேய் எல்வுட், பூச்சி கிளம்பிடுச்சுடா! நேத்து ரெண்டரை மணிக்கு ஆறு பூராவும் மீன் மேல வந்து அத மொக்குது. நான் இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு கரையில உக்காந்து வயிறெரிஞ்சேன். யாராவது ஒருத்தன் இறங்கித் தொலைய வேண்டாமா?"

"ஆர்லீன் வேண்டாம்னுட்டா" என்றார் அப்பா. அவ்வளவுதான். குரலில் வருத்தம்கூட இல்லை.

"ஆர்லீன் அரிசோனாவுல இருக்கா. அங்க ஏதுடா தண்ணி? அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?"

நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. பாஸ்டரைப் பற்றியும் அவர் இப்படித்தான் பேசுவார்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய், அலமாரியைத் திறந்து, மூங்கில் கோலை அதன் துணி உறையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். என்ன நினைத்துக்கொண்டு செய்தேன் என்று கேட்காதே. நேரில் பார்க்காத ஒன்றை வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோமே என்று தோன்றியது. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் நான் ட்ரௌட் மீனைப் பார்த்ததெல்லாம் வாணலியில்தான்.

"நானும் வருவேன். தண்ணிக்குள்ளயும்" என்றேன்.

"வெர்னா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று மெர்ல் கேட்டார்.

"ஞானஸ்நானத்துல பாஸ்டர் என் தலையில தெளிச்ச தண்ணியோட சரி."

"ஆஹா, பொருத்தமான துணைதான்டா உனக்கு" என்றார். அப்பா எழுந்து போய் முகம் மழித்துக்கொண்டு வந்தார். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டு.

ஆற்றில் இறங்க மெர்ல் போடுகிற ரப்பர் கால்சட்டையை எனக்கு மாட்டிவிட்டார்கள். அது என் அக்குள்வரை வந்தது. இருவருக்கும் இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டினார் அப்பா. வார் இறுக்கமாக இருந்தால் விழுந்தாலும் உள்ளே தண்ணீர் சட்டென்று நிறையாதாம். அக்டோபரில் அவசரத்தில் அதைக் கட்ட மறந்திருக்கிறார். இதை எனக்கு அன்றைக்குத்தான் சொன்னார்.

பழைய ரயில் பாலத்துக்குக் கீழே இறங்கினோம். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஒரு சாண். குளிர் ரப்பரைத் தாண்டி எலும்பைத் தொட்டது. கை கோத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் கால் எடுத்து வைக்க வேண்டும். மற்றவர் கால் ஊன்றும் வரை இவர் கால் நகரக்கூடாது. நான் ஓட்டம் வருகிற பக்கம் நிற்கப் போனேன், நோயாளி அவர்தானே. அவர் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி மறுபக்கம் நிறுத்தினார்.

"நான் மேல் பக்கம். தண்ணிய நான் வாங்கிக்கிறேன், நீ எனக்குக் கீழ நில்லு" என்றார்.

அவருடைய கால்களுக்குப் பின்னால் தண்ணீர் நிஜமாகவே அடங்கி இருந்தது, மகளே. இதைப் பல வருஷமாகத் தெரிந்து வைத்திருந்தவர் போல நின்றார்.

பூச்சி சொன்ன நேரத்துக்கு வந்தது. ஒரு வருஷம் கல்லுக்கு அடியில் புழுவாகக் கிடந்து, ஒரு மத்தியானம் மேலே மிதந்து வந்து சிறகை விரிக்கிறது. பறப்பது ஓரிரண்டு நாள்தான். சாப்பிட வாய்கூடக் கிடையாதாம். என் கைமேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. சாம்பல் நிறச் சிறகு நேராக நின்றது, உடம்பில் லேசான இளஞ்சிவப்பு. இத்தனை அழகை ஒரு நாளுக்காகச் செலவு செய்கிற கர்த்தர் கணக்குப் பார்க்கிறவர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் பார்க்கிறவள்.

அந்தப் பூச்சியைப் போலவே இறகு சுற்றிய முள்ளை, நூல் நுனியில் இருக்கிற மெல்லிய நரம்பில் கட்ட அப்பாவால் முடியவில்லை. மூன்று தடவை முயன்றார். மூன்றாவது தடவை என்னிடம் நீட்டினார். ஊசி கோக்கிற கைதானே எனக்கு. ஐந்து சுற்று சுற்றி நுனியைத் துளைக்குள் விடச் சொன்னார்.

கரையிலிருந்து மெர்ல் கத்தினார்: "எச்சில் போட்டு இழுங்க வெர்னா, எச்சில்! இல்லேன்னா முடிச்சு நிக்காது!"

"வேதம் வாசிக்கிற வாய் இது" என்றேன்.

"அப்போ இன்னும் நல்லா நிக்கும்!"

பிறகு நான் அவருக்குப் பின்னால் நகர்ந்து, அவருடைய இடுப்பு வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் கோலைத் தூக்கினார். இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கை நடுக்கம் நின்றுவிட்டது. காப்பிக் கோப்பையைச் சிந்தாமல் தூக்க முடியாத அந்தக் கை. கோல் பின்னால் போனது, நூல் எங்கள் தலைக்கு மேல் முழு நீளத்துக்கும் நீண்டு ஒரு கணம் காத்திருந்தது, அதற்குப் பிறகுதான் அவர் கையை முன்னால் கொண்டுவந்தார். அந்த இறகுப் பூச்சி தண்ணீர்மேல் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கேட்டால் மீன் வராது என்றார்.

உடனே பிடித்துவிடவில்லை. எதிர்க்கரையில் ஒரு மர வேருக்கு அடியில் ஒரு மீன் மொக்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஓடுகிற வேகமான தண்ணீர் நூலை இழுத்துவிடும். நூல் இழுத்தால் பூச்சி நகரும், நகர்ந்தால் மீன் திரும்பிப் பார்க்காது. அப்பா நூலை வளைத்துப் போட்டார். தப்பிவிட்டது. இன்னும் ஒரு முழம் மேலே போட்டார். அதுவும் தப்பிவிட்டது. மெர்ல் கரையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொன்னார். அப்பா தலையைத் திருப்பாமல், "கிழவனுக்கு இடுப்ப மாத்தினாங்க, வாய மாத்தல" என்றார். நான் அவருடைய வாரைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

எத்தனையாவது தடவையோ, மூக்கு ஒன்று வெளியே வந்து பூச்சியை உள்ளே இழுத்துக்கொண்டது. அவ்வளவு மெதுவாக. கோல் வளைந்தது. மீன் ஒரு முறை மேலே எழும்பியது. வெண்ணெய் உருகின நிறத்தில் வயிறு, பக்கமெல்லாம் சிவப்புப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளுத்த வளையம். வாணலியில் இதையெல்லாம் எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று வெட்கமாக இருந்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருக்கும், மிகைப்படுத்தவில்லை.

அது ஆற்றோட்டத்தோடு கீழே ஓட ஆரம்பித்தது. கோலில் நூல் சுற்றியிருந்த சக்கரத்திலிருந்து நூல் அலறிக்கொண்டு போனது. கீழே இருபது அடியில் பாறை முடிந்து மடு தொடங்குகிறது. அக்டோபரில் அவர் விழுந்தது அந்த மடுவில்தான். மீனைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் பின்னாலேயே போக வேண்டும்.

"போடா, போடா, பின்னாலேயே போ!" என்று மெர்ல் எழுந்து நின்று கத்தினார். "இந்த வருஷத்துலயே பெரிய மீன்டா அது! விட்டுடாத!"

நான் வாரை இறுகப் பிடித்தேன். நில்லுங்கள் என்று சொல்லவும் முடியவில்லை, ஜெபிக்கவும் முடியவில்லை. அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். நானும் வைத்தேன். பாசியில் என் கால் வழுக்கி, நின்றுகொண்டது.

அப்பா நின்றுவிட்டார். கோலைத் தாழ்த்தி நேராக மீனை நோக்கி நீட்டினார், சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். நரம்பு பட்டென்று அறுந்தது. மீன் போய்விட்டது. முள்ளை மீன் வாயில் சிக்கி நிற்க வைக்கிற எதிர்க்கொக்கியை முன்பே நசுக்கி வைத்திருந்தார், அதனால் மீன் அதை உதறிவிடுமாம்.

மெர்லுக்கு வாய் அடைத்துப் போனதை முதல் தடவையாகப் பார்த்தேன். பிறகு திறந்தது. "ஏன்டா அறுத்த? ஏன்டா பாவி? நூறு கெஜம் போயிருந்தா கிடைச்சிருக்கும்டா!"

"வெர்னா கால் நடுங்குது" என்றார் அப்பா. "வீட்டுக்கு ஒரு ஆள் நடுங்கினா போதும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, நின்ற இடத்தில் தண்ணீர் அலையடிக்கிற மாதிரி. வாரைப் பிடித்திருந்த என் கைகளுக்கு அது வந்தது. அக்டோபருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை.

அன்று இரவு ஜெபத்தில் முழங்காலில் நின்று யோசித்தேன். தடுக்காவிட்டால் அவருக்கு நிறுத்தத் தெரியாது என்று நினைத்துத்தானே நாம் பூட்டினோம்? ஆற்றின் நடுவில், வருஷத்திலேயே பெரிய மீன் கையில் இருக்கும்போது, யாரும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். அந்த மனிதருக்கு அலமாரிப் பூட்டு எதற்கு?

ஆகவே கோலை நான் தரப்போவதில்லை. உன் மேலதிகாரியிடம் அம்மா மறுத்துவிட்டாள் என்று சொல். கெட்ட பெயர் எனக்கே இருக்கட்டும். அப்பா தனியாக இறங்கமாட்டார், முழங்காலுக்கு மேல் ஒரு சாணைத் தாண்டமாட்டார், தண்ணீர் கலங்கியிருக்கும் நாளில் போகமாட்டார். இதெல்லாம் நான் போட்ட நிபந்தனை இல்லை, மறுநாள் காலை அவரே சொன்னார். வியாழக்கிழமையும் போனோம், ஒரு சின்ன மீன் பிடித்துவிட்டோம். நேற்று மழை, போகவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார், ஆனால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடுக்கம் குறையும் என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களையும் படித்துவிட்டேன். தண்ணீரில் நிற்க முடியாத ஒரு நாள் வரும். அன்றைக்குக் கோலை எங்கே வைப்பது என்று அவர் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

நீ மே பதினைந்தில் கண்டிப்பாக வா. டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. கோபமாக இருந்தாலும் வா. அப்போது பொழுது சாய்கிற நேரத்தில் மஞ்சள் நிறத்தில் வேறொரு பூச்சி கிளம்புமாம். இரண்டு நாளில் திரும்பாமல் ஒரு வாரம் லீவு போடு. அவர் உன்னிடம் கேட்கமாட்டார், தெரியும்தானே. ஒரு சாயங்காலம் நீ அவர் பின்னால் நின்று அந்த வாரைப் பிடித்துப் பார். அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ கால் வைக்கும் இடமெல்லாம் கர்த்தர் உறுதியாக்கித் தருவாராக. சீக்கிரம் வா, கண்ணு.

உன் அம்மா,
வெர்னா