பயிற்சியாருக்குக் கிடைத்த நாற்காலி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் பேத்தியும் அதுபோலவே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையை மட்டும் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டுப் போட்டாச்சு என்கிறார். இந்தக் கடிதம் உன் தங்கச்சியைப் பற்றியது. உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

நேற்று சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டாளே என்று அவள் அலுவலகத்துக்குப் போனேன். பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலில் அவள் இருந்தாள், வரிசை வாசலைத் தாண்டி நின்றது. உள்ளே பிரிவுத் தலைவர் நாற்காலியில் பயிற்சியார் உட்கார்ந்திருந்தார். அது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். எந்தப் பயிற்சிக்கு ஆள் கேட்டாலும் அவரைத்தான் அனுப்புவார்கள், அவர் போனால் ஒரு வேலையும் நிற்காது. உன் தங்கச்சியை அனுப்பினால் ஜன்னலை மூட வேண்டும், அதனால் ஒரு தடவைகூட விட்டதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே கூத்துதான், கணக்குப் பயிற்சியானாலும் அறிவியல் பயிற்சியானாலும் விளையாட்டு வாத்தியார்தான் போவார், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கொடுத்த பையை மாட்டிக்கொண்டு வருவார். நாங்கள் சிரித்துவிட்டு விட்டோம், பையைக் காட்டி அவர் தலைமையாசிரியர் ஆகவில்லையே.

இப்போது ஆகலாமாம். பயிற்சிச் சான்றிதழ் அதிகம் வைத்திருப்பவருக்குத்தான் பதவி உயர்வு என்று விதி வந்திருக்கிறது. பயிற்சியார் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டு, எல்லாம் உங்க பையன் போட்ட விதி டீச்சர், இல்லன்னா எனக்கு ஏது இந்த நாற்காலி என்றார். சூதுவாது தெரியாத மனிதர். அதே மூச்சில் உன் தங்கச்சியைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரைக் காட்டி, ஏம்மா, தப்பா அடிச்சா இதுல எப்படி அழிக்கிறது என்று கேட்டார். அவள் ஜன்னலை விட்டு எழுந்து போனாள், கைக்குழந்தையோடு நின்ற பெண், ஆரம்பிச்சாச்சா இன்னிக்கும் என்று முணுமுணுத்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லையப்பா. போன தடவை வந்தபோது, இனிமே சிபாரிசு செல்லாதும்மா, தெறமை இருக்கிறவங்கதான் மேல வருவாங்க என்று நீ சொன்னதை நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பயிற்சிக்கு யாரை அனுப்புகிறீர்கள் என்று ஒரே ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டாயா? பரீட்சையே வைக்காமல், வகுப்புக்கு வந்தவனுக்கெல்லாம் முதல் மார்க் போட்டால் அதற்குப் பெயர் என்ன?

இந்த மாதக் கடைசியோடு வேலையை விடுகிறாளாம். அண்ணனிடம் சொல்லட்டுமா என்றேன். எனக்காக மாத்தினா அதுவும் சிபாரிசுதானேம்மா என்றாள். டப்பாவைத் திறந்தாள், அப்படியே மூடிவிட்டாள். கிளம்பும்போது பயிற்சியார் எனக்கும் ஒரு பை கொடுத்தார், உங்கள் பயிற்சித் திட்டத்தின் பெயர் அதில் பெரிதாகப் போட்டிருக்கிறது. அவள் சாப்பிடாத சோற்றை அதில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த மாதம் இதே விதி எல்லா ஊர் அலுவலகங்களுக்கும் போகிறதாம், வகுப்பெடுக்கப் பயிற்சியாரையே கூப்பிட்டிருக்கிறார்களாம். அதற்குமுன் லீவு போட்டு வா. யார் என்று சொல்லாமல் அந்த வரிசையில் நில், பிறகு நிறுத்துவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். தங்கச்சிக்காகச் செய்யாதே, வரிசைக்காகச் செய்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், பேத்திக்கு என் முத்தம். தங்கச்சிக்கு இன்றே போன் செய். ஆறுதல் சொல்லாதே, தப்பு என்னுடையது என்று சொல், மற்றதை அவள் பேசுவாள்.

கோபம் ஆறாமலே ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா