கொடியில் காயும் மஞ்சள் துப்பட்டா

அப்பா,

பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன். இட்லி ஹாட்பாக்சில் இருக்கிறது. ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், ஆணியிலேயே இருக்கிறது.

இன்று முதலியார்பேட்டைக்குப் போய், என் தோழி கார்குழலி வீட்டில் சண்டை போடப்போவதாக அம்மாவிடம் சொன்னீர்கள். “அவதான் கலந்து குடுத்துட்டா, எம்பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல” என்றீர்கள். யாரும் கலக்கவில்லை அப்பா. நேற்று பிறந்தநாள் வீட்டில் எல்லாரும் “என்னடி ஜூஸ் பாப்பா” என்று கிண்டல் செய்தார்கள். பீர் என்று தெரிந்தேதான் குடித்தேன். மூன்று கிளாஸ்.

குழலி குடிக்கவில்லை. என் போனைப் பிடுங்கி உங்களைக் கூப்பிட்டவள் அவள்தான். “ஒங்கப்பா என்னத் திட்டினா திட்டட்டும் போடி” என்றாள்.

நீங்கள் பத்தே நிமிடத்தில் வந்தீர்கள். வழியெல்லாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன். அம்மாவிடம் சாயங்காலம் நானே சொல்லிவிடுகிறேன்.

கவிநிலா

இன்னொன்று. கொடியில் காயும் மஞ்சள் துப்பட்டா என்னுடையது இல்லை. நான் வாந்தி எடுத்தபோது குழலி அதால்தான் என் வாயைத் துடைத்தாள். அவள் வீட்டுக்குப் போவதாக இருந்தால், அதை மடித்து எடுத்துக்கொண்டு போங்கள்.