நடுக்கிளைக்கு நான் கொடுத்த ஜாமீன்

காலையில் ஜன்னலைத் திறந்ததும் மாம்பூ வாசனை முகத்தில் வந்து மோதியது. தை பிறந்தால் நம் அபிராமபுரம் தெருவில் இது புதிதில்லை. ஆனால் வழக்கமாகத் தெருப் பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வரும் வாசனை, இன்று என் ஜன்னலுக்கு நேர் கீழிருந்து வந்தது. கீழ் வீட்டில் நீ இருந்திருந்தால் அந்த நிமிடமே படியிறங்கி ஓடி வந்திருப்பேன்.

இந்த மரத்தை நாம் மிரட்டியது நினைவிருக்கிறதா? பூ குறைந்துபோன ஒரு வருடம், ஊர் வழக்கப்படி நீ அரிவாளால் அடிமரத்தில் தட்டி, காய்க்காவிட்டால் வெட்டிவிடுவேன் என்று அதட்டினாய். நான் குறுக்கே புகுந்து, அடுத்த வருடம் காய்த்துவிடும், அதற்கு நான் ஜாமீன் என்று கெஞ்சினேன். அறுபதைத் தொட்ட இரண்டு பேர் போட்ட நாடகத்தைப் பார்த்து உன் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் மரம் பூத்தது, தெருப் பக்கம் மட்டும். நம் வீட்டுப் பக்கம் வெறும் இலை. கல்யாணங்களில் படம் பிடித்தே காலம் தள்ளியவன் நீ, சும்மா இருப்பாயா? வெளிச்சத்தை அளக்கும் உன் பழைய லைட் மீட்டரை எடுத்துவந்து, ஸ்டூல் மேல் ஏறி, கிளைகளுக்குள் கையை நுழைத்தாய். மீட்டர் முள் அசையவே இல்லை.

“இன்னா மச்சி, உள்ளாற இவ்ளோ இருட்டா கீது? இருட்டுல நிக்க வச்சிட்டு சிரிம்மான்னா பொண்ணு சிரிக்குமா? அந்த நடுக்கிளைய எடுத்துடு.”

பச்சை மரத்தில் கை வைப்பது பாவம், நடுவில் வெட்டுப்பட்டால் மரமே பட்டுப்போகும் என்று ஏதேதோ சொல்லி மறுத்துவிட்டேன்.

பிறகு பக்கவாதம் உன்னைப் படுக்க வைத்தது. கட்டிலை ஜன்னலோரம் போட்டார்கள். ஆனியில், காய்ப்பெல்லாம் ஓய்ந்த பிறகு, மறுபடியும் கேட்டாய்.

“அந்த ஒரு கிளை மட்டும் மச்சி. தைக்குப் பூ வந்துச்சின்னா படுத்துக்கினே பாத்துக்குவேன்.”

வெட்டாமலேயே பூக்கும், நான் ஜாமீன் என்றேன். நீயும் சிரித்தாய். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை.

தை வந்தது. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும்படி பூத்தது. உன் ஜன்னலில் இலைதான். மனசு கேட்காமல் ஒரு கொத்தை ஒடித்து வந்து உன் தலையணை அருகே வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, நாலு மாங்காயை வீணாக்கிவிட்டாயே என்று திட்டினாய். பங்குனியில் நீயும் போய்விட்டாய்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. அந்தக் கிளைதான் என் மாடி ஜன்னலுக்கு நிழல். மதியத் தூக்கம் கெடக்கூடாது என்றுதான் மரத்துக்கு வக்காலத்து வாங்கினேன். உனக்கு அது தெரிந்தே இருந்திருக்கும். தெரிந்தும் சிரித்திருக்கிறாய் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

போன ஆடியில் ஆள் வைத்து நடுக்கிளையை எடுத்தேன். முதல் வெட்டு விழுந்தபோது குறுக்கே வந்து ஜாமீன் சொல்ல யாரும் இல்லை. மரம் பட்டுப்போகவும் இல்லை.

இன்று வாசனை பிடித்து நான் நின்றுகொண்டிருந்தபோதே உன் மனைவி கீழிருந்து கூப்பிட்டார். “அண்ணே, ஜன்னலாண்ட வந்து பாருங்க.” உன் கட்டில் கிடந்த இடத்தில் நின்று பார்த்தேன். கம்பிக்கு ஒரு முழம் தள்ளி மூன்று கொத்து. எறும்புகூட வந்துவிட்டது. அவர் அலமாரியிலிருந்து உன் மீட்டரை எடுத்துக் கொடுத்தார். வெளியே போய் ஸ்டூலில் ஏறி, நீ கை நுழைத்த அதே இடத்தில் நீட்டினேன். முள் நன்றாகவே ஏறியது.

மீட்டரை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மூன்று மணி வெயில் இப்போது நேராக என் கட்டிலில் விழுகிறது. பாண்டி பஜாருக்குப் போய் நல்ல கனமான திரைச்சீலையாக வாங்கி வருகிறேன் என்கிறாள் மகள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.